ஓட்டுக்கூரையில மெத்தை மாதிரி பாசி, இப்ப ஒழுகவும் ஆரம்பிச்சிருச்சு. ஆசிட் அடிக்கலாமா?

குலசேகரம்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு குலசேகரம் பக்கம், தாத்தா கட்டின ஓட்டு வீடு. நான் சென்னையில வேலை பாக்குறேன், ஊர்ல அப்பாவும் அம்மாவும்தான். இந்த ஐப்பசி மழைக்கு அடுக்களையில மூணு இடத்துல ஒழுகுதுன்னு அம்மா போன்ல சொல்லிட்டே இருந்தாங்க, ஓடு ஏதாவது உடைஞ்சிருக்கும்னு நானும் விட்டுட்டேன். பொங்கலுக்கு போனப்ப ஏணி போட்டு எட்டி பாத்தா அடுக்களைக்கு மேல ஒரு ஓடு கூட உடையல, ஆனா வடக்கு சரிவு முழுக்க பச்சப்பசேல்னு கிடக்கு. சும்மா வழுக்குற பாசி இல்ல, விரல வச்சு அமுக்கினா ஸ்பாஞ்சு மாதிரி உள்ள போகுது, ஒரு கட்டிய பிச்சு பிழிஞ்சா தண்ணி சொட்டுது, மழை விட்டு நாலு நாள் ஆனதுக்கு அப்புறமும்! தெற்கு சரிவுல இந்த மெத்தை இல்ல, அங்கங்க வெள்ளையா வட்டம் வட்டமா தேமல் மாதிரி ஒண்ணு ஒட்டிட்டு இருக்கு, அது என்னன்னும் தெரியல.

ஊர்ல ஒருத்தர் வந்து பாத்துட்டு ஆசிட் அடிச்சு, பிரஷர் வாஷ் பண்ணி, மேல செவப்பு பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சா அஞ்சு வருஷம் திரும்பி பாக்க வேண்டாம், 65 ஆயிரம் ஆகும்ங்கிறார். அப்பா என்னடான்னா எல்லாத்தையும் பிரிச்சு போட்டுட்டு ஷீட் போடுங்கிறார். எனக்கு ஓட்ட எடுக்க மனசு வரல, சித்திரை வெயில்லயும் அந்த வீட்டுக்குள்ள ஃபேன் இல்லாம படுத்துக்கலாம்.

ஆசிட், பிரஷர் வாஷ், பெயிண்ட் இதுல எது சரி எது தப்புன்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. பலாமரம் ஒண்ணு வடக்கு பக்கம் கூரை மேல சாஞ்சு நிக்குது, கூரைத்தண்ணி பைப் வழியா கிணத்துக்கு போகுது, அதையும் சொல்லிடுறேன்.

மேஸ்திரி மகன்:

முதல்ல அந்த 65 ஆயிரத்த பத்திரமா பேங்க்லயே வைங்க தம்பி.

உடையாத ஓடு எப்படி ஒழுகும்னு யோசிக்கிறீங்க, காரணம் பாசிதான். மங்களூர் ஓட்ட ஒண்ணு கையில எடுத்து பாருங்க, ஓரத்துல நீளமா காடி வெட்டின மாதிரி இருக்கும், ஒரு ஓட்டு காடிக்குள்ள பக்கத்து ஓட்டோட விளிம்பு உக்காரும். சாரல்ல கொஞ்சம் தண்ணி இடுக்குல புகுந்தாலும் அந்த காடி வழியா கீழ இறங்கி அடுத்த ஓட்டு மேல விழுந்து ஓடிரணும், அதுக்குத்தான் அந்த காடியே. பாசி அதுக்குள்ள வளந்துச்சுன்னா வாய்க்கால்ல ஆகாயத்தாமரை அடைச்ச கதைதான், தண்ணி கீழ போக வழியில்லாம நின்னு, பொங்கி, உள்பக்கமா வழிஞ்சு, ஓட்ட தாங்குற மரச்சட்டம் இருக்குல்ல, அந்த ரீப்பர் மேல இறங்கும். நீங்க அடுக்களைக்கு மேல ரெண்டு ஓட்ட மட்டும் மெதுவா தூக்கி பாருங்க, காடிக்குள்ள கருப்பா மண்ணும் பாசியும் கேக் மாதிரி உக்காந்திருக்கும். நான் எங்கப்பாகூட எத்தனையோ வீட்ல இத பாத்திருக்கேன், வீட்டுக்காரங்க ஓடு போயிருச்சுன்னு புது ஓடு வாங்கி இறக்கி வச்சிருப்பாங்க, பழைய ஓட்டையே கழுவி மாட்டினா ஒழுகல் நின்னுரும். ரீப்பர் உளுத்திருக்கான்னு மட்டும் அப்பவே ஒரு ஆணிய வச்சு குத்தி பாத்துருங்க.

பிரஷர் வாஷ் வேணாம். சூளையில வெந்த ஓட்டுக்கு மேல்தோல் ஒண்ணு இருக்கும், கொஞ்சம் வழவழன்னு, அதுதான் தண்ணிய உள்ள விடாம காக்கிறது. பழைய ஓட்டுல மிஷின வச்சு அடிச்சா பாசியோட சேத்து அந்த தோலும் போகும், அன்னைக்கு பாக்க புது ஓடு மாதிரி செவசெவன்னு ஜோரா இருக்கும், ரெண்டு மழை போனா முன்னவிட வேகமா பாசி ஏறும், ஏன்னா சொரசொரப்பாயிருச்சு, ஈரமும் குடிக்குது. அதுலயும் ஆளு கீழ நின்னுட்டு மேல பாத்து அடிச்சான்னா தண்ணி நேரா ஓட்டுக்கு அடியில போய் வீட்டுக்குள்ள மழை பெய்யும்.

அந்த வெள்ளை தேமல் பாசி இல்ல, லைக்கன்னு சொல்லுவாங்க, பூஞ்சையும் ஆல்காவும் சேந்து வாழுற ஒண்ணு. அதால ஒழுகாது. சுரண்டாதீங்க, ஓட்டு தோலையும் சேத்து பிச்சுட்டு வரும்.

தாம்பரம் மாடிவீடு:

ஆசிட் பத்தி நான் சொல்றேன், ஏன்னா நான் பண்ணின முட்டாள்தனம் அது. எங்களுது ஓட்டு வீடு இல்ல, மொட்டை மாடி. மழைக்காலத்துல தண்ணி நிக்கிற மூலையில பச்சை பாசி படர்ந்து என் மாமியார் துணி காயப்போட போய் வழுக்கி விழுந்து கை எலும்பு விட்டுருச்சு. கோவத்துல அன்னைக்கே கடைக்கு போய் பாத்ரூம் கழுவுற ஆசிட் அஞ்சு லிட்டர் வாங்கிட்டு வந்து ஊத்திட்டேன். சோடா மாதிரி நுரை பொங்கிச்சு, பாசி போயிருச்சு, எனக்கும் சந்தோஷம். காஞ்சதும் கைய வச்சு தேச்சா சிமெண்ட் மணல் மணலா உதிருது, உப்புத்தாள் மாதிரி ஆயிருச்சு. தட்டோட்டுக்கு நடுவுல இருந்த பூச்சு அரிச்சு போய் அடுத்த வருஷம் பாசியும் ரெண்டு பங்கு, கீழ் ரூம் சீலிங்ல ஈரமும். ஆசிட் சிமெண்ட்ல இருக்கிற சுண்ணாம்ப தின்னுரும்னு அப்புறம்தான் ஒரு இன்ஜினியர் சொன்னார்.

இன்னொண்ணு, ஆசிட் ஊத்தின இடத்துல பிளீச்சிங் பவுடர் போட்டுறாதீங்க, பிளீச்சிங் போட்ட பக்கெட்ல ஆசிட் ஊத்திறாதீங்க. குளோரின் வாயு வரும், நெஞ்ச புடிச்சிரும். பாத்ரூம்லயே இப்படி மயங்கி விழுறவங்க இருக்காங்க.

குன்னூர் குளிரு:

பாசி பத்தி பேசினா எங்க ஊர்ல இருந்து ஒருத்தர் வராம இருக்க முடியுமா. நாங்க வருஷத்துல பாதி நாள் மிஸ்ட்டுக்குள்ளதான் வாழுறோம், செருப்ப ஒரு வாரம் வெளிய விட்டா அதுல பாசி வந்துரும்.

நான் பண்றது இதுதான். முதல்ல தடிமனா இருக்கிற மெத்தைய கையாலயே எடுத்துருவேன், தட்டையான மரச்சட்டம் இல்ல பழைய தோசைக்கரண்டி போதும், கம்பி பிரஷ் மட்டும் கூடாது. நல்லா நனைஞ்சிருக்கும்போதும் வழுக்கும், மொறுமொறுன்னு காஞ்சிருந்தா தூளா உதிரும், லேசா ஈரமா இருக்கிறப்ப அடியில குடுத்தா அடை மாதிரி முழுசா கழண்டு வரும். அதுக்கு வேர்னு ஒண்ணு கிடையாது, புடிச்சுக்கிறதுக்கு நூல் மாதிரி சின்ன சின்ன இழைதான், தண்ணிய இலையாலயே குடிச்சுக்கும், அதனாலதான் மண்ணே இல்லாத ஓட்டு மேலயும் வளருது.

மிச்சம் ஒட்டிட்டு இருக்கிறதுக்கு பிளீச்சிங் பவுடர். 10 லிட்டர் தண்ணிக்கு அரை கிலோ பிளாஸ்டிக் பக்கெட்ல கரைச்சு ஒரு மணி நேரம் அப்படியே விட்டா சுண்ணாம்பு அடியில படிஞ்சிரும், மேல தெளிஞ்சத மட்டும் மொண்டு ஸ்ப்ரேயர்ல ஊத்தணும், இல்லேன்னா நாசில் அடைச்சுக்கும். மூடாக்கா இருக்கிற நாள்ல அடிங்க, உச்சி வெயில்ல அடிச்சா வேலை செய்றதுக்குள்ள காஞ்சு போகும். ஒரு 20 நிமிஷம் ஈரமா இருக்கணும், அப்புறம் மேலருந்து கீழ தண்ணிய சும்மா ஓஸ்ல விட்டு கழுவணும். கீழ செடி இருந்தா முன்னாடியே நல்லா தண்ணி ஊத்தி நனைச்சு சாக்கு போட்டு மூடணும். கண்ணாடி, கிளவுஸ் இல்லாம தொடாதீங்க. பச்சை போய் பழுப்பாகும், ரெண்டு மூணு வாரத்துல தானா காஞ்சு உதிர ஆரம்பிக்கும், அப்ப தென்னந்துடைப்பத்த வச்சு பெருக்கி தள்ளிட்டா போதும்.

ஒரு வேடிக்கை சொல்றேன். எங்க பக்கத்துல வெள்ளக்காரன் காலத்து பங்களா ஒண்ணு இருக்கு, கூரை முழுக்க பாசி, ஆனா சிம்னிக்கு கீழ மட்டும் கூரையோட அடிவரைக்கும் ஒரு முழம் அகலத்துக்கு பட்டை போட்ட மாதிரி சுத்தமா செவப்பு ஓடு தெரியும். யாரும் கழுவுறதில்ல. சிம்னிய சுத்தி துத்தநாகம் பூசின தகரம் அடிச்சிருக்காங்க, மழைத்தண்ணி அது மேல பட்டு கொஞ்சம் கொஞ்சமா துத்தநாகத்த கரைச்சு கொண்டுவருது, அது பாசிக்கு ஆகாது.

சியாட்டில் சாம்பார்:

அதே டெக்னிக்தான் இங்க காசுக்கு விக்கிறாங்க சார்! நான் இருக்கிற ஊர் மழைக்கு பேர் போனது, இங்க கூரை ஷிங்கிள், அதாவது ஓட்டுக்கு பதிலா அடுக்கி ஆணியடிக்கிற மெல்லிசான துண்டு, உச்சியில ஜிங்க் (துத்தநாகம்) பட்டை நீளமா அடிச்சு விடுவாங்க. எங்க வீட்லயும் அடிச்சிருக்கு, ஆனா ஒரு உண்மைய சொல்லணும், பட்டைக்கு கீழ சில அடி தூரத்துக்குத்தான் வேலை செய்யுது, கீழ் ஓரத்துக்கு போறதுக்குள்ள வீரியம் போயிருது, அங்க மறுபடி பச்சை. ஏற்கனவே வளந்த மெத்தைய அது அழிக்காது, சுத்தம் பண்ணின அப்புறம் திரும்ப வராம தள்ளிப்போடும், அவ்ளோதான். இங்கயும் வடக்கு பக்கம்தான் பாசி ஜாஸ்தி, வெயிலே படாது. ஆனா பூமத்திய ரேகைக்கு அவ்வளவு கிட்ட இருக்கிற கன்னியாகுமரி மாவட்டத்துலயும் வடக்கு பக்கம்தானா? ஆச்சரியமா இருக்கே.

மேஸ்திரி மகன்:

@சியாட்டில் சாம்பார் நல்ல கேள்விதான். நம்ம பக்கம் சித்திரையிலருந்து ஆவணி வரைக்கும் சூரியன் வடக்காலதான் போகும், அப்ப வடக்கு சரிவுக்கு நல்ல வெயில் உண்டு. ஆனா ஐப்பசி கார்த்திகை அடைமழை முடிஞ்சு கூரை காய வேண்டிய நேரத்துல சூரியன் தெக்க சாஞ்சிருது, அதனால வடக்கு சரிவு லேட்டாத்தான் காயும். அதுக்கு மேல இவருக்கு பலாமரம் வேற குடை புடிக்குது. அந்த மரம் கிழக்கால நின்னிருந்தா கிழக்கு பக்கம் பாசி வந்திருக்கும். மரம்தான் முக்கியமான குற்றவாளி, திசை கூட்டாளி.

தோட்டத்து அண்ணாச்சி:

எனக்க வீடு உங்களுக்கு பக்கத்துலதான் தம்பி, பேச்சிப்பாறை போற வழி. கிட்டத்தட்ட 30 வருஷமா ரப்பர் வச்சிருக்கேன். பிளீச்சிங் எல்லாம் நாத்தம் புடிச்ச வேலை, ஆணி, தகரம் எல்லாத்தையும் துரு ஏத்தி விட்டிரும். நாங்க ரப்பருக்கு இலை உதிராம இருக்க அடிக்கிற துரிசு இருக்கு பாத்தியளா, அதான் மயில்துத்தம், காப்பர் சல்பேட்டு, அதுல 100 கிராம் எடுத்து 10 லிட்டர் தண்ணியில கரைச்சு ஓட்டுக்கு அடிச்சா ஒரு மாசத்துல பாசி கருகி காத்துக்கு பறந்து போவும். கழுவாண்டாம். கொஞ்சம் செம்பு ஓட்டுலயே ஊறி நிக்கும், அதனால பிளீச்சிங்க விட கூடுதல் நாள் வராம இருக்கும், நான் ரெண்டு மழைக்காலத்துக்கு ஒருக்க தான் அடிக்கேன்.

ஆனா இரும்பு வாளியில கரைக்காண்டாம். சந்தேகம் இருந்தா அரிவாள கொஞ்ச நேரம் அதுல முக்கி வச்சு எடுத்து பாருங்கோ, இரும்பு மேல செம்பு ஏறி செவப்பா இருக்கும், அப்பம் உங்க வாளிக்க கதி என்னன்னு புரியும். தகரத்துல கட்டர், அதான் கூரைத்தண்ணி விழுந்து ஓடுற தாரை, போட்ட வீட்ல அடிச்சா கட்டர் ஓட்டையாயிரும். கட்டர் பிளாஸ்டிக்குன்னா பயமில்ல.

குன்னூர் குளிரு:

அண்ணாச்சி சொல்றது சரிதான், ஆனா அவர் கூரைத்தண்ணி கிணத்துக்கு போகுதுன்னு எழுதியிருக்கார், கவனிச்சீங்களா? 2003ல தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்தப்ப பாதி பேர் இப்படித்தான் பைப்ப நேரா கிணத்துல விட்டாங்க. கழுவாம விட்டா அந்த செம்பு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கிற தண்ணிக்குள்ளதான் இறங்கும். கிணத்துல மீன் விட்டிருந்தா முதல்ல அதுதான் மிதக்கும், செம்பு மீனுக்கு விஷம். கிணத்துக்கு பைப் இருக்கிற வீட்ல துரிசு வேணாம்ங்கிறது என் கட்சி.

தோட்டத்து அண்ணாச்சி:

அத நான் வாசிக்காம விட்டுட்டேன், சரிதான். எனக்க வீட்ல கூரைத்தண்ணி தோட்டத்துக்குத்தான் போகுது. கிணறு உண்டுன்னா தம்பி துரிசு அடிக்காண்டாம், பிளீச்சிங்கே போதும். எது அடிச்சாலும் முதல்ல பைப்ப கழட்டி வெளிய திருப்பி விடணும், அதுக்கு பொறவு ரெண்டு மூணு நல்ல மழை கூரைய கழுவின பிறகு மாட்டினா மதி.

இன்னொரு காரியம். நம்ம ஊர்ல குரங்கு ஓட்டு மேல சாடி சாடி ஓட்ட எல்லாம் நகத்தி போட்டிருக்கும், உச்சி ஓட்டையும் பாருங்கோ.

கண்டிப் பக்கம்:

உங்கட அப்பா சீற் போடச் சொல்றார் எண்டு எழுதியிருக்கிறியள். நாங்கள் கண்டியில அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீட்டிலதான் இருக்கிறம், பாசி அதிலயும் வரும், இன்னும் கூட வரும். ஓடு எண்டால் கழட்டிக் கழுவலாம், இத தொடவே பயம். காய்ஞ்சபடி பிரஷ் போட்டு உரஞ்சினால் வாற தூசு சுவாசப்பைக்கு கூடாது, மெஷின் போட்டுக் கழுவினாலும் அப்பிடித்தான். பழைய சீற்றில பாசி இருந்தால் எங்க வெடிப்பு இருக்கெண்டும் தெரியாது, கால வைச்சால் உடைஞ்சு ஆள் நேரா குசினிக்குள்ளதான். எங்கட அயலில ஒருத்தர் அப்பிடி விழுந்து இடுப்பு முறிஞ்சு மூண்டு மாசம் படுத்தவர். ஓட்ட விட்டுடாதேங்கோ.

குலசேகரம்காரன்:

அய்யோ இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. கண்டி அண்ணன் எழுதினத அப்பாக்கு படிச்சு காட்டிட்டேன், ஷீட் பேச்சு நின்னுருச்சு. ரெண்டு டவுட். மேல ஏறி வேலை பாக்க ஆள் எப்படி நிக்கணும், ஓடு உடையாதா? பெயிண்ட் வேணுமா வேணாமா, யாரும் தெளிவா சொல்லல.

மேஸ்திரி மகன்:

ஓட்டு நடுவுல கால வைக்காதீங்க, கீழ் விளிம்புல, ரெண்டு ஓடு ஒண்ணுமேல ஒண்ணு ஏறி ரீப்பர் மேல உக்காந்திருக்கிற இடத்துல வைக்கணும். அதவிட நல்லது, மூங்கில் ஏணி ஒண்ண எடுத்து நுனியில கொக்கி மாதிரி மரத்த கட்டி உச்சியில மாட்டி கூரை மேல படுக்க போட்டு, அது மேல நின்னு வேலை பாக்கிறது, எடை பரவலா இறங்கும். இடுப்புல கயிறு கட்டி மறுபக்கத்து மரத்துல கட்டாம யாரையும் ஏத்தாதீங்க, கூலிக்கு வர்றவர் "எனக்கு பழக்கம்தான்"னு சொல்லுவார், விடாதீங்க. முடிஞ்சா ஏறவே வேணாம், உள்பக்கம் சாரம் போட்டு நின்னு ஓட்ட வரிசை வரிசையா உருவி கீழ குடுத்து, காடிய தேங்கா நார வச்சு தேச்சு கழுவி, வெயில்ல ஒரு நாள் காயவச்சு திரும்ப மாட்டுறதுதான் எங்கப்பா முறை. ஒரு ஓடு ரெண்டரை கிலோவுக்கு மேல இருக்கும், ரெண்டு ஆள் வேணும்.

பெயிண்ட்: வேணாம். மண் ஓடு தண்ணி குடிக்கும், காத்துபட்டு காயும். மேல பெயிண்ட் மூடி போட்டா உள்ள மாட்டின ஈரம் வெளிய வர வழி தேடி பெயிண்ட்ட அப்பளம் மாதிரி தூக்கும், அந்த அப்பளத்துக்கு அடியில மறுபடி பாசி. உங்களுக்கு ஏதாவது அடிச்சே ஆகணும்னு இருந்தா சிலேன் சிலாக்சேன்னு போட்டு தண்ணி மாதிரி ஒண்ணு விக்கும், நிறமே இருக்காது, தண்ணிய உள்ள விடாது ஆனா ஓடு மூச்சு விடும். ஓடு நல்லா காஞ்சப்புறம் மாசி பங்குனியில அடிங்க. ஆனா காச முதல்ல மரம் வெட்டுறதுக்கு செலவு பண்ணுங்க.

குலசேகரம்காரன்:

வேலை முடிஞ்சிருச்சு, கடன் தீக்கணும்ல அதான் எழுதுறேன். மாசியில ஒரு வாரம் லீவு போட்டு போனேன். மேஸ்திரி மகன் சொன்ன மாதிரி அடுக்களைக்கு மேல ஓட்ட தூக்கினோம், அப்படியே சொன்ன மாதிரியே இருந்துச்சுங்க! காடிக்குள்ள கருப்பு களிமண், அதுக்குள்ள பலா இலை மக்கி நரம்பு மட்டும் வலை மாதிரி, ஒரு ஓட்டுல மண்புழு கூட இருந்துச்சு. கூரை மேல மண்புழு! அப்பா அத பாத்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

வடக்கு சரிவு முழுக்க கழட்டி கழுவி மாட்டினோம், ரெண்டு ஆள், நாலு நாள். ரீப்பர் மூணு உளுத்திருந்துச்சு மாத்திட்டோம், உச்சியில ரெண்டு ஓடு நகர்ந்து கிடந்துச்சு, குரங்குதான், அண்ணாச்சிக்கு நன்றி. தெற்கு சரிவுல ஓரத்துல கொஞ்சம் பச்சை இருந்துச்சு, அதுக்கு மட்டும் பைப்ப கழட்டி வச்சுட்டு பிளீச்சிங் அடிச்சு கழுவி விட்டேன், தேமல தொடல. கூலி, ரீப்பர், உடைஞ்ச ஓட்டுக்கு பதில் பழைய ஓடு எல்லாம் சேத்து 14 ஆயிரம் ஆச்சு. ஜிங்க் பட்டை இந்த வருஷம் போடல.

போன வாரம் சாயங்காலம் இடியோட நல்ல கோடைமழை, அம்மா அடுக்களையில மூணு பாத்திரத்தையும் பழக்கதோஷத்துல எடுத்து வச்சுட்டு உக்காந்திருந்தாங்களாம், ஒரு சொட்டு கூட இல்லன்னு போன்.

கையால எடுத்த பாசிய நான் குப்பையில போட போனேன், அம்மா விடல, ரெண்டு சாக்கு நிறைய அள்ளி ஆந்தூரியம் தொட்டிக்கு அடியில வச்சுட்டாங்க. பலாமரம்தான் பிரச்சனை. நாலு கொப்பு வெட்டணும், அப்பா ஒண்ணுதான் வெட்ட விட்டார், மிச்சத்துல பிஞ்சு இருக்காம், சக்க பழுத்து தீரட்டும்ங்கிறார். அதுக்குள்ள இடவப்பாதி மழை, அதான் தென்மேற்கு பருவமழை, வந்துரும்.

தோட்டத்து அண்ணாச்சி:

பழுக்க நிக்காண்டாம் தம்பி, பிஞ்சு சக்கய இடிச்சக்க தோரன், அதான் பொரியல், வச்சிரலாம். கொப்ப வெட்டுங்கோ, அப்பாக்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்கோ.